கம்பியைக் காட்டுங்கோ

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு பெரிய பலகை மாட்டினார்கள். கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, மேலே விளக்கு வேறு. 'கழுத்து நாளக் குழாய்: பாதுகாப்புப் படிகள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே ஒன்பது வரிகள். ஏழாவது வரியை நான் நின்று மூன்று தரம் வாசித்தேன். 'கம்பி முழுதாக வெளியே வந்ததை இருவர் கண்ணால் காண வேண்டும்.'

நாடா வெட்டினார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். இந்தப் பலகைக்குக் காரணகர்த்தா என்று சொல்லி எங்கள் பெரிய டொக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவரும் தலையைச் சற்றுக் குனிந்து வாங்கிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு என் எக்ஸ்ரே அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். வந்த கோபத்துக்கு மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறியலாம் போல் இருந்தது. எறியவில்லை. கோப்பை அரசாங்கத்துடையது.

அந்த ஏழாவது வரி அந்த மனிதருடையது அல்ல. அது ஒரு தாதி அந்தப் பிரிவில் நின்று தொண்டை நோகச் சொன்ன வசனம். அந்த வசனத்துக்காக அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பலகையில் அவருடைய பெயர் இல்லை. இங்கேயும் இருக்காது. "என்ரை பேரை ஒரு இடத்திலையும் போடாதேங்கோ அண்ணை" என்று எப்போதோ கேட்டிருந்தார். அந்த ஒரு சொல்லையாவது காப்பாற்றுகிறேன். எங்கள் ஊர் வழக்கப்படி மிஸி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் எக்ஸ்ரே எடுக்கிறவன். இணுவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவன். கழுத்தில் குழாய் போட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் உடனே ஒரு நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். குழாயின் நுனி சரியான இடத்தில் நிற்கிறதா, ஊசி தவறி நுரையீரலில் பட்டுக் காற்றுக் கசிந்ததா என்று பார்ப்பார்கள். அந்த நோயாளிகளை அசைக்க முடியாது. நான்தான் சில்லு வைத்த மெசினைத் தள்ளிக்கொண்டு அவர்களிடம் போவேன். அப்படித்தான் நாலு வருசம் மிஸியை அநேகமாக ஒவ்வொரு நாளும் கண்டேன்.

குழாய் போடுவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஊசியைக் கழுத்தில் உள்ள பெரிய நாளத்துக்குள் ஏற்றுவார்கள். இரத்தம் கறுப்பாக, அமைதியாக வந்தால் நாளம். சிவப்பாகத் துடித்துக்கொண்டு வந்தால் பக்கத்தில் ஓடும் நாடியில் குத்தியாயிற்று, உடனே ஊசியை எடுத்து அமத்திப் பிடிக்க வேண்டும். நாளம்தான் என்று தெரிந்த பிறகு, ஊசிக்குள்ளால் ஒரு மெல்லிய கம்பியை விடுவார்கள். ஒரு கை நீளம் வரும். பிறகு ஊசியைக் கழற்றி, கம்பியின் மேலால் குழாயைச் செலுத்தி, கடைசியில் கம்பியை உருவி எடுப்பார்கள். பாவாடைக்கு நாடா கோக்க ஊக்கைக் குத்தி விடுவோமே, அந்த ஊக்கின் வேலைதான் கம்பிக்கு. நாடா போய்ச் சேர்ந்ததும் ஊக்கைக் கழற்ற வேண்டும். இதில் பிழைவிட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பிழைவிட்டவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மிஸி கட்டையான, ஒல்லியான மனுசி. குரல் மட்டும் பெரிது. குழாய் போடும்போது டொக்டருக்கு எதிர்ப்பக்கம் நிற்பார். டொக்டரின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. கையையே பார்ப்பார். ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்க வேண்டும். விரல் கொஞ்சம் விலகினாலும், "கம்பியிலை கை சேர்" என்பார். எல்லாம் முடிந்து டொக்டர் நிமிரும்போது அடுத்த வசனம் வரும்.

"கம்பியைக் காட்டுங்கோ."

காட்டினால் போதாது. வாங்கிப் பச்சைத் துணியில் நீட்டி வைப்பார். இந்த முனை, அந்த முனை, கொக்கி போல் வளைந்த நுனி எல்லாம் பார்ப்பார். பிறகுதான் பேனையைத் திறந்து, படிவத்தில் அந்தக் கட்டத்துக்குச் சரி போடுவார். அவசரப்படுத்தினால், "கண்டால்தான் சரி போடுவன்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். அந்த நிற்பைப் பார்த்தே பலருக்கு எரிச்சல் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

வேலை செய்பவர்கள் அவருக்குக் 'கம்பி மிஸி' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். ஒருமுறை எங்களோடு வேலை செய்த பிள்ளை ஒன்றின் கலியாணத்தில் நான் பகிடிக்குக் கேட்டேன், "என்ன மிஸி, பொம்பிளையின்ரை சேலையிலை குத்தின ஊசியெல்லாம் எண்ணியாச்சோ?"

"எண்ணினனான் அண்ணை. சேலை கட்டி வெளிக்கிடுத்தேக்கை பதினொண்டு. இப்ப பத்துத்தான் தெரியுது" என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அரை மணித்தியாலத்தில் மணமகள் மேடையில் இருந்து 'ஆ' என்று துள்ளி எழும்பினாள். பதினோராவது ஊசி கதிரை மெத்தையில் இருந்தது.

இந்த எண்ணுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் வல்வெட்டித்துறை. தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். "எங்கடை ஐயா நூறு தூண்டில் கட்டின கயிறு கொண்டு போறவர். திரும்பி வந்தவுடனை எண்ணுவார். ஒண்டு குறைஞ்சாலும், எண்ணிக் கண்டுபிடிக்குமட்டும் ஒருத்தரும் வெறுங்காலோடை வள்ளத்துக்குள்ளை இறங்கேலாது. மீன் கொண்டு போயிருக்கும், விடுங்கோ எண்டு அண்ணைமார் சொல்லுவினம். மீன் உனக்குச் சொன்னதோ எண்டு கேப்பார்."

அவ்வளவுதான் அவர் தன் வீட்டைப் பற்றி எனக்குச் சொன்னது.

இன்னொரு நாள் நான் மெசினோடு காத்து நிற்கிறேன். ஒரு வயதான பள்ளிக்கூட ரீச்சருக்கு இளம் டொக்டர் ஒருவர் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று தரம் குத்தியும் நாளம் அகப்படவில்லை. நாலாவதற்கு ஊசியைத் தூக்கினார். மிஸி ஊசித் தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"மூண்டு முடிஞ்சுது சேர்."

"கிட்ட வந்திட்டன் மிஸி. இன்னும் ஒருக்கா."

"கிட்ட வந்தது உங்களுக்கு. அவவுக்கு மூண்டு ஓட்டை. ஸ்கான் மெசினைக் கொண்டு வாறன். இல்லாட்டி வேறை ஆளைக் கூப்பிடுறன்."

இந்த ஸ்கான் மெசின் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. நாளம் எங்கே, நாடி எங்கே என்று தோலுக்கு மேலால் பார்த்துக் குத்துவதற்கென்றே ஒரு சின்ன ஸ்கான் மெசின் அந்தப் பிரிவுக்கு வந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் நல்ல மனிதர்கள் சேர்ந்து வாங்கி அனுப்பியது. அதை எங்கே வைத்திருந்தார்கள்? அலுமாரிக்குள். பூட்டி. திறப்பு பெரிய டொக்டரின் அறையில். ஏன்? பாவித்தால் பழுதாகிவிடுமாம். சாமான் பழுதாகக் கூடாது, ரீச்சரின் கழுத்துப் பழுதானால் பரவாயில்லை! பெரிய டொக்டருக்குத் தன் கை மேல் அவ்வளவு நம்பிக்கை. "கை பழகினவனுக்கு மெசின் எதுக்கு?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். பழகாத கைகளும் அதே கழுத்துகளில்தான் குத்திக்கொண்டிருந்தன என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மிஸி போய் அவருடைய அறை வாசலில் நின்றார். உள்ளே ஆட்கள் இருந்தார்கள், அப்படியே நின்றார். கடைசியில் தொல்லை தாங்காமல் திறப்பைக் கொடுத்தார்கள். மெசினைக் கொண்டுவந்து வைத்ததும் திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. "அமத்திப் பாருங்கோ சேர். சப்பையாப் போறது நாளம். துடிச்சுக்கொண்டு நிக்கிறது நாடி" என்றார். அதே இளம் டொக்டர், ஒரே குத்து. ரீச்சர் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதோ பிள்ளை?" என்று மிஸியைக் கேட்டார். அடுத்த நாள் மெசின் மறுபடி அலுமாரிக்குள் போய்விட்டது.

குத்திய ஊசி விசயத்திலும் அப்படித்தான். பாவித்த ஊசிகளைப் போட ஒரு மஞ்சள் பெட்டி இருக்கிறது. குத்தியவர்தான் தன் கையால் அதில் போட வேண்டும் என்பது மிஸியின் சட்டம். ஒருமுறை ஒரு டொக்டர் ஊசியை மெத்தையில் குத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மிஸி கன்ரீனுக்குப் போய் அவரைச் சோற்றுக் கோப்பையில் இருந்து எழுப்பிக்கொண்டு வந்தார். போட்ட பெட்டிக்குள் யாரும் கை விடக் கூடாது, பெட்டியைச் சரிக்கவும் கூடாது. துப்புரவு செய்யும் பெண் ஒருத்தி நிரம்பிய பெட்டியை அமத்தி மூடப் போனதற்கு, அன்று அந்தப் பிரிவே அதிரும்படி ஏசினார். ஏசிவிட்டு அவளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

கொழும்புத்துறையைச் சேர்ந்த ஒரு மனிதர். முப்பத்தைந்து வயது இருக்கும். களப்பில் வலையோடு இறங்கி நின்றபோது காலில் திருக்கை முள் ஏறியிருக்கிறது. மஞ்சளைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். புண் பழுத்து, கிருமி இரத்தத்தில் ஏறி, பிரசர் இறங்கிக்கொண்டே போன நிலையில் கொண்டுவந்தார்கள். பிரசரை ஏற்றும் மருந்தைக் கழுத்துக் குழாயால்தான் விட வேண்டும். மனைவி சுடுதண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

அன்று கொழும்பில் இருந்து யாரோ பெரியவர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வருவதாக இருந்தது. ஆஸ்பத்திரி முழுக்க ஒரே கூட்டிப் பெருக்கல். குழாய் போட்டது பெரிய டொக்டரே. பாதி வேலையில் அவருடைய போன் அடித்திருக்கிறது. கையுறை போட்ட கையால் போனைத் தொட முடியாது. அதற்கென்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வார்ட்டு ஊழியரான அற்றண்டன் போனை எடுத்து டொக்டரின் காதில் பிடித்துக்கொண்டு நிற்பார். வந்தவர் வாசலில் நிற்கிறார் என்ற செய்தி. டொக்டர் "ஓம் சேர், இந்தா வாறன் சேர்" என்று சொல்லிக்கொண்டே குழாயைத் தள்ளினார், தையல் போட்டார். நான் அப்போது அங்கே இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு நின்ற அற்றண்டன் பிறகு எனக்குச் சொன்னது இது.

"சேர், கம்பியைக் காட்டுங்கோ."

"தட்டிலை கிடக்கு, பாருங்கோ." கையுறையை உருவி எறிந்துவிட்டு அவர் போய்விட்டார்.

தட்டில் ஊசி கிடந்தது. சிறிஞ்சு கிடந்தது. கம்பி சுற்றி வந்த வெறும் வளையம் கிடந்தது. கம்பி இல்லை. மிஸி போர்வையை உதறினார், கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார், குப்பை வாளியைக் கொட்டிப் பார்த்தார். உதவிக்கு நின்ற இளம் டொக்டரிடம் படிவத்தைக் கேட்டார். ஒன்பது கட்டத்துக்கும் காலையிலேயே சரி போட்டாயிற்று! நேரம் மிச்சம் பிடிக்க மிஸியைத் தவிர எல்லோரும் அப்படித்தான் செய்து வைப்பார்கள். குழாய் போடுவதற்கு முன்பே கம்பி வெளியே வந்துவிட்டதாகக் கையெழுத்தும் விழுந்திருந்தது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் மெசினைத் தள்ளிக்கொண்டு போய், எனக்கும் அவசரம், நெஞ்சில் ஒட்டியிருந்த இருதயத் துடிப்பு வயர்களைக் கழற்றாமலே படத்தை எடுத்தேன். திரையில் பார்த்தால், கோடு மேல் கோடு. இளம் டொக்டர் படத்தைத் தன் போனில் பிடித்துப் பெரிய டொக்டருக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. நுரையீரல் நல்லாக இருக்கிறது, மற்றக் கோடெல்லாம் நெஞ்சுக்கு வெளியே கிடக்கிற வயர், மருந்தைத் தொடங்கு.

"மிஸி, கம்பியை நான்தான் மஞ்சள் பெட்டிக்குள்ளை போட்டிருப்பன். விடுங்கோவன்" என்றார் இளம் டொக்டர்.

"போட்டிருப்பியளோ, போட்டனீங்களோ?"

அவர் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு மிஸி செய்ததைக் கண்டு நான் ஆடிப்போனேன். பச்சைத் துணி ஒன்றை நிலத்தில் விரித்தார். இரட்டைக் கையுறை போட்டார். யாரையும் கிட்ட வர விடவில்லை. அந்த மஞ்சள் பெட்டியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினார். யாரும் தொடக் கூடாது என்று அத்தனை வருசம் கத்திய அதே பெட்டி. முழங்காலில் நின்று, இடுக்கியால் ஒவ்வொரு ஊசியாக எடுத்து மற்றப் பக்கம் வைத்தார். இரத்தம் காய்ந்த ஊசிகள். யார் யாருடைய இரத்தமோ. இடையில் ஒருமுறை 'ச்' என்று விரலை உதறினார். கையுறைக்குள் சிவப்பாகத் தெரிந்தது.

"மிஸி, கையிலை ஏறீட்டுது" என்றேன்.

"தெரியும். கழுவுவம். இன்னும் கொஞ்சம் இருக்கு."

கம்பி இல்லை. எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே சொன்னார், "அண்ணை, வயரெல்லாத்தையும் கழட்டிப்போட்டு இன்னொரு படம் எடுங்கோ. நெஞ்சிலை இருந்து வயிறு வரைக்கும்."

"டொக்டரின்ரை கையெழுத்து இல்லாமல் எப்பிடி மிஸி?"

"வயர் வெளியிலை எண்டால் கழட்டினவுடனை கோடும் போகோணும். போகுதோ எண்டு பாப்பம். எடுங்கோ அண்ணை."

எடுத்தேன். அந்த நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. திரையில் படம் வந்தது. நெஞ்சுக்கு மேல் ஒரு வயரும் இல்லை. ஒரே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும், கழுத்தில் இருந்து இறங்கி, இருதயத்துக்குள்ளால் போய், வயிறு வரைக்கும் நின்றது. நான் கண்டேன். மிஸி கண்டார். இளம் டொக்டர் கண்டார், கண்டவுடன் கதிரையில் இருந்துவிட்டார்.

வெளியே இருந்த மனைவி கதவடியில் வந்து, "என்ன மிஸி, ஓடித் திரியிறியள்? இவருக்கு என்ன?" என்று கேட்டார்.

"ஒரு கம்பி உள்ளை நிண்டிட்டுது அம்மா. எடுக்க ஆள் வருது. எடுக்குமட்டும் நான் அவரோடைதான் நிப்பன்" என்றார் மிஸி. பொய் சொல்லவில்லை, பூசி மெழுகவில்லை.

இருதயப் பிரிவு டொக்டர் ஒருவர் வந்தார். தொடை நாளத்தால் இன்னொரு குழாயை விட்டு, அதன் நுனியில் இருந்த சுருக்கில் மாட்டிக் கம்பியை இழுத்து எடுத்தார். எடுத்ததும் மிஸி கையை நீட்டினார். "காட்டுங்கோ சேர்." புதுக் கம்பி ஒன்றைப் பிரித்துப் பக்கத்தில் வைத்து அளந்தார். இரண்டும் ஒரே நீளம். அப்போதுதான் கதிரை ஒன்றைத் தேடி அதில் உட்கார்ந்தார்.

அந்த மனிதர் பிழைத்தார். சில கிழமைகளில் நொண்டி நொண்டி வீட்டுக்குப் போனார்.

கம்பியை விட்டவருக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. நோயாளியின் சிகிச்சைப் பதிவான ரிக்கெற்றில் 'குழாய் மாற்றப்பட்டது' என்று ஒரு வரி எழுதி மூடினார்கள். விசாரணை நடந்தது, மிஸி மேல்! குற்றச்சாட்டு மூன்று. பாவித்த ஊசிப் பெட்டியைத் திறந்து பாதுகாப்பு விதியை மீறியது. டொக்டரின் கையெழுத்து இல்லாமல் படம் எடுக்கச் செய்தது. நோயாளியின் உறவினரைப் பீதிக்குள்ளாக்கியது. அந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டி விதியை மதித்த ஒரே ஆளை, அந்த விதியாலேயே அடித்தார்கள். விரலில் ஏறிய ஊசிக்காக அவர் ஆறு மாதம் இரத்தம் சோதித்துக்கொண்டு திரிந்தார். நல்ல காலம், ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் அவர் எப்படி நித்திரை கொண்டார் என்று ஒரு நாயும் கேட்கவில்லை. அந்த நாய்களில் நானும் ஒன்று.

என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.

"ரெண்டாவது படம் எடுக்கச் சொல்லி டொக்டர் ஆரும் எழுதித் தந்தவையோ?"

"இல்லை சேர்."

"அப்ப ஆர் சொன்னது?"

"மிஸி."

"சரி, நீர் போகலாம்."

படத்தில் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு எழும்பி வந்தேன். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம். இரண்டு பிள்ளைகள். இப்படியான நேரத்தில் சொல்வதற்கு ஆட்களிடம் எப்போதும் காரணம் இருக்கும்.

வெளியே வாங்கில் மிஸி இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். வெறுங்கை.

"படத்தைக் காட்டினனீங்களோ அண்ணை?"

"கேக்கேல்லை மிஸி" என்றேன்.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள், போனார். ஒரு மாதத்துக்குள் 'சேவைத் தேவை கருதி' இடமாற்றம் வந்தது, தீவுப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு. காய்ச்சலுக்குக் குளிசை கொடுக்கிற, காயத்துக்கு மருந்து கட்டுகிற இடம். வல்வெட்டித்துறையில் இருந்து இரண்டு பஸ், பிறகு படகு. கழுத்துக் குழாய் போடுகிற இடமே அல்ல. அப்படி ஒரு கண்ணை, அப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அது நடந்து ஏழு வருசம். இடையில் இரண்டு, மூன்று தரம் போனில் கதைத்திருப்போம். படகு ஓடுதோ, பிள்ளைகள் படிக்கினமோ என்று. பலகை மாட்டிய அன்று பின்னேரம் நான் அவருக்குப் போன் எடுத்தேன். கோபத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.

"மிஸி, அந்த மனுசனுக்குப் பொன்னாடை போத்தினவை. உங்கடை வசனத்துக்கு! பலகை அடிச்சு மாட்டியிருக்கினம்."

"இப்ப காட்டுகினமோ?"

"ஆர்?"

"டொக்டர்மார். கம்பியைக் காட்டுகினமோ?"

"ஓம். ரெண்டு பேர் பாத்தால்தான் கையெழுத்து."

"ஸ்கான் மெசின்?"

"வெளியிலைதான் நிக்குது. எல்லாரும் பாவிக்கினம்."

"அப்ப நல்லம்."

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. "என்ன நல்லம்? உங்களுக்குக் கோபமே வராதோ மிஸி? அந்தாளைப் பாக்கேக்கை எனக்கே பத்திக்கொண்டு வருது."

அந்தப் பக்கம் பின்னால் யாரோ குழந்தையை அதட்டுவது கேட்டது.

"கோபம் இருக்கு அண்ணை. ஏன் இல்லாமல்? அவரிலை இருக்கு. ஆனால் அவர் தன்னைக் காப்பாத்த மறைச்சவர். அது எனக்கு விளங்குது. நீங்கள் கண்டனீங்கள். ஒருத்தரும் உங்கடை வாயைப் பொத்திப் பிடிக்கேல்லை. எனக்கு உங்களிலைதான் கூடக் கோபம்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"காலிலை கம்பி வெட்டின ஆள் ஒண்டு வந்து நிக்குது. வைக்கிறன் அண்ணை" என்றார். வைத்துவிட்டார்.

ஏழு வருசமாக நான் பெரிய டொக்டரைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் திட்டினேன், தேத்தண்ணிக் கடையில் திட்டினேன், இந்தக் கட்டுரையின் முதல் பாதி முழுக்கத் திட்டியிருக்கிறேன். அவரைத் திட்டுவது எவ்வளவு சுகமாக இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பழைய படப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அந்தத் திகதியில் ஒரே நோயாளிக்கு இரண்டு வரிகள், இரண்டும் என் கையெழுத்து. இரண்டாவது வரியில் 'படத்தில் கண்டது' என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதை இப்போது நிரப்பப் போவதில்லை. காலம் தப்பிச் சரி போடுவதும், காலத்துக்கு முன் சரி போடுவது போலத்தான். அதனால் தனியே ஒரு கடிதம் எழுதினேன். அந்த விசாரணை மேசையில் இருந்த மூன்று பேரில் ஒருவர் பென்சனோடு இளைப்பாறிவிட்டார், மற்ற இருவரும் இன்னும் கதிரையில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் கந்தோரில் நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய பிள்ளை, "ஆர் கேட்டது உந்தக் கடிதத்தை?" என்று கேட்டது. ஒருத்தரும் கேட்கவில்லை என்றேன். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி வாங்கும்வரை வாசலை விட்டு அசையவில்லை.

கடிதத்தில் உள்ளதை இங்கேயும் எழுதுகிறேன். இரண்டாவது படத்தை எடுத்தவன் நான். நெஞ்சில் இருந்த வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிய கை என்னுடையது. கம்பி உள்ளே நின்றது. நான் கண்டேன்.